சின்னப் பெட்டிக்கு ஏற்ற ஷெல்

ஹைதராபாத் அமீர்பேட்டில் மைத்ரிவனத்தைச் சுற்றி நடந்தால் கண்ணில் படுவதெல்லாம் பயிற்சி நிலையப் பலகைகள்தான். ஜாவா, டெஸ்டிங், கிளவுட் என்று போகும் வரிசையில் எம்பெடெட் சிஸ்டம்ஸ், லினக்ஸ் டிவைஸ் டிரைவர் வகுப்புகளும் உண்டு. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் திகைத்து நிற்பார்கள். லேப்டாப்பில் ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்ட், உள்ளங்கை அளவு போர்டில் ஏற்றியதும் ‘எதிர்பாராத அடைப்புக்குறி’ என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். போர்டில் பழுதில்லை, ஸ்கிரிப்டிலும் எழுத்துப்பிழை இல்லை. அங்கே அதைப் படிக்கும் ஷெல்தான் வேறு.

நாம் தட்டச்சு செய்யும் கட்டளையை வாங்கி, பிரித்துப் பார்த்து, உரிய நிரலை ஓடவிடும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். யூனிக்ஸில் 1971இல் கென் தாம்ப்ஸன் எழுதியது முதல் ஷெல். 1979இல் ஸ்டீவ் பார்ன் எழுதியது வெளிவந்தது. இன்றைக்கும் பெரும்பாலான ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு இலக்கணம் அதிலிருந்துதான் வருகிறது. 1989இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ்தான் இப்போது பெரும்பாலான லினக்ஸ் லேப்டாப்களில் நாம் பார்ப்பது. அரே, சரத்தை வெட்டி எடுக்கும் வசதி, இரட்டைச் சதுர அடைப்புக்குறிச் சோதனை என்று பார்ன் தராத பலவற்றை அது தருகிறது. அந்தச் சொகுசுக்கு விலையும் உண்டு. உபுண்டு லினக்ஸ் 22.04இல் பாஷ் கோப்பு மட்டும் ஏறத்தாழ 1.4 மெகாபைட். அதே கணினியில் கூடவே இருக்கும் டாஷ் என்ற எளிய ஷெல் சுமார் 125 கிலோபைட்தான். கணினி வேகமாகத் துவங்க வேண்டும் என்பதற்காக உபுண்டு 2006இலேயே தன் சிஸ்டம் ஸ்கிரிப்டுகளை டாஷிடம் ஒப்படைத்துவிட்டது.

லேப்டாப்பில் ஒரு மெகாபைட் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன்புவரை வீட்டு வைஃபை ரவுட்டர்கள் பலவற்றில் இருந்தது 4 மெகாபைட் ஃப்ளாஷும் 32 மெகாபைட் ரேமும்தான். கெர்னல், வைஃபை டிரைவர், ஃபயர்வால், நிர்வாகப் பக்கம் எல்லாம் அந்த நான்கு மெகாபைட்டுக்குள் அடங்கியாக வேண்டும்.

இதற்கு விடை ஒரு ஃப்ளாப்பியிலிருந்து வந்தது. டெபியன் லினக்ஸின் நிறுவலுக்கும் மீட்புக்கும் வேண்டிய எல்லாவற்றையும் ஒரே ஃப்ளாப்பியில் அடக்க நினைத்த புரூஸ் பெரன்ஸ், 1995இல் பிஸிபாக்ஸை எழுதினார். கோப்பைப் பட்டியலிடுவது, நகலெடுப்பது, தேடுவது என்று தனித்தனியாக இருந்த நிரல்கள் எல்லாவற்றையும் அவர் ஒரே கோப்பாக்கினார். ஒரே நடிகர் வேஷம் மாற்றி வருவதுபோல, எந்தப் பெயரால் அழைக்கிறோமோ அந்த வேலையை அந்தக் கோப்பு செய்யும். ஒவ்வொரு நிரலும் தனியே சுமக்க வேண்டிய பொதுப் பகுதிகள் இதில் ஒருமுறைதான் இருக்கும். அப்படித்தான் இடம் மிச்சமாகிறது. ரவுட்டர், கேமரா, செட்டாப் பாக்ஸ் என்று லினக்ஸ் ஓடும் சின்னப் பெட்டிகளில் மிகப் பலவற்றில் இன்று இதுதான் இருக்கிறது.

பிஸிபாக்ஸுக்குள் இரண்டு ஷெல்கள் உண்டு. முதலாவது ஆஷ். 1989இல் கென்னத் அல்ம்க்விஸ்ட் எழுதியதன் வழித்தோன்றல் இது, டாஷுக்கு நெருங்கிய உறவு. இரண்டாவது ஹஷ். இரண்டில் எதை எடுப்பது என்பதைச் சிப்பே தீர்மானித்துவிடும். நினைவக மேலாண்மை அலகு உள்ள சிப்பில், ஒரு நிரல் தன்னையே பிரதியெடுத்து இரண்டாகப் பிரியலாம். இரண்டும் ஒரே முகவரியைத் தங்களுடையது என்று நினைத்துக்கொண்டு சண்டையில்லாமல் ஓடும். அந்த அலகு இல்லாத மலிவான சிப்பில் இது நடக்காது. அங்கே குழந்தை நிரல், தாய் நிரலின் நினைவகத்தையே கொஞ்ச நேரம் கடன் வாங்கிப் பயன்படுத்தும், அதுவரை தாய் காத்திருக்கும். ஆஷ் முதல் வகைப் பிரிவை நம்பியே எழுதப்பட்டது. ஹஷ் இரண்டாவதிலும் ஓடும். எனவே அலகு இருந்தால் ஆஷ், இல்லாவிட்டால் ஹஷ். லினக்ஸுக்கு முன்பே விழித்துப் பெட்டியைத் துவக்கும் யூ-பூட் நிரலில் கட்டளைகளைப் படிப்பதும் ஹஷ்ஷிலிருந்து எடுத்த பகுதிதான். ஆண்ட்ராய்டு மட்டும் தனி வழியில் போனது. 4.0 பதிப்பிலிருந்து அது வைத்திருப்பது எம்கேஷ்.

தேர்வு இவ்வளவு சுலபம். உண்மையான வேலை அமைப்பில்தான் இருக்கிறது. பிஸிபாக்ஸைத் தொகுக்கும் முன் மெனுகான்ஃபிக் திரையைத் திறந்தால் நூற்றுக்கணக்கான சுவிட்சுகள் வரிசையாக வரும். இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. சின்னப் பெட்டியில் ஷெல்லைப் பயன்படுத்துவது பெரும்பாலும் மனிதர் அல்ல. துவங்கும்போதும், நெட்வொர்க் அறுந்து மீளும்போதும், பதிவுக் கோப்பு நிரம்பும்போதும் ஓடும் ஸ்கிரிப்டுகள்தான் அதன் வாடிக்கையாளர்கள். அதனால் எக்கோ, பிரிண்ட்எஃப், டெஸ்ட் மூன்றையும் ஷெல்லுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். சுழற்சிக்குள் நூறு முறை வரும் கட்டளைக்கு நூறு முறை புது நிரல் பிறப்பதை மெதுவான சிப் தாங்காது. எண்கணிதமும் இருக்கட்டும். முந்தைய கட்டளைகளை ஃப்ளாஷில் சேமிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை எழுதும்போதும் ஃப்ளாஷ் தேய்கிறது, யாரோ அவசரத்தில் தட்டிய கடவுச்சொல்லும் அங்கே தங்கிவிடும். தனித்து ஓடும் ஷெல் என்றொரு சுவிட்சும் உண்டு. கட்டளைப் பெயர்கள் இருக்கும் அடைவு சிதைந்துபோனாலும் உள்ளிருக்கும் நிரல்கள் கைகொடுக்க வேண்டுமானால் அது இருக்க வேண்டும்.

நம் மொழிக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒரு எண் இந்தத் திரையில் இருக்கிறது. யூனிகோட் பகுதியில், எந்தக் குறி எண் வரை எழுத்தைக் காட்டலாம் என்று கேட்கும் இடத்தில் இயல்பாக இருப்பது 767. லத்தீன் எழுத்துக் குடும்பங்களுக்கு அது போதும். தமிழ் தொடங்குவதோ 2944இல், தெலுங்கு 3072இல், உருது எழுதும் அரபு வரிவடிவம் 1536இல். அதனால் ஹைதராபாத்தில் ஒருவர் பென்டிரைவைச் செருகி, தெலுங்கிலோ உருதுவிலோ தமிழிலோ பெயரிட்ட கோப்புகளைப் பட்டியலிட்டால் வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்து நிற்கும். அந்த எண்ணை 4351 ஆக்கினால் மூன்றும் உள்ளே வந்துவிடும். அதோடு சேரும் குறிகளை அனுமதிக்கும் சுவிட்சையும் போட வேண்டும். இல்லாவிட்டால் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறி வரும். எண்ணை மாற்றுவதற்கு ஆகும் செலவு சில நூறு பைட்டுகள்தான். நான்கு மெகாபைட் பெட்டியில்கூட அது தாங்கும். இந்தியாவில் விற்கும் பெட்டியில் இதைச் செய்யாமல் விடுவது சரியல்ல.

முதல்முறை சீரியல் கம்பிகளைப் பொருத்தி, விநாடிக்கு 115200 பிட் வேகத்தில் திரையைத் திறக்கும்போது வரும் இன்னொரு செய்தியும் பலரைக் குழப்பும். டெர்மினலை அணுக முடியவில்லை, வேலைக் கட்டுப்பாடு அணைக்கப்பட்டது என்று ஷெல் சொல்லும். பின்னணியில் ஓடும் கட்டளையை முன்னுக்குக் கொண்டுவரவும், கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தவும் ஷெல்லுக்குத் தன் வசமான டெர்மினல் ஒன்று வேண்டும். பொதுவான கன்சோல் கோப்பு அதற்கு ஆகாது. துவங்கும்போது எதை எங்கே ஓட்டுவது என்று சொல்லும் இன்னிட் அட்டவணையில் அந்தச் சீரியல் போர்ட்டின் பெயரையே நேரடியாகக் குறிப்பிட்டால் சரியாகிவிடும்.

ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது: உபுண்டுவிலேயே பிஸிபாக்ஸ் கிடைக்கிறது. போர்டுக்குக் கொண்டுபோகும் முன் அதன் ஆஷில் ஓட்டிப் பாருங்கள். ஷெல்செக் என்ற கருவி பாஷ் சார்ந்த வழக்குகளை வரிவரியாகச் சுட்டிக்காட்டும். கண்ணெதிரே இருக்கும் கோப்பை ‘காணவில்லை’ என்று ஷெல் அடம்பிடித்தால், அது விண்டோஸ் எடிட்டரில் எழுதியதா என்று பாருங்கள். முதல் வரியின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும்.

குறைவான வசதிக்குப் பாதுகாப்பிலும் பலன் உண்டு. 2014 செப்டம்பரில் ஸ்டெஃபான் ஷாஸெலாஸ் கண்டுபிடித்த ஷெல்ஷாக் ஓட்டை, பாஷ் தரும் ஒரு கூடுதல் வசதியில் இருந்தது. அந்த வசதியே இல்லாத ஆஷ் ஓடிய ரவுட்டர்களை அது தொடவில்லை. ஆனால் ஷெல் சின்னது என்பதாலேயே பெட்டி பத்திரமாகிவிடாது. 2016இல் மிராய் என்ற தீநிரல் அறுபதுக்கும் மேற்பட்ட கம்பெனிக் கடவுச்சொற்களை வைத்துக்கொண்டு உலகெங்கும் கேமராக்களின் டெல்நெட் கதவைத் தட்டியது. உள்ளே நுழைந்ததும் பிஸிபாக்ஸைக் கூப்பிட்டு, மிராய் என்ற இல்லாத கட்டளையைக் கேட்கும். ‘மிராய்: அப்லெட் நாட் ஃபவுண்ட்’ என்று பதில் வந்தால், நிஜமான ஷெல்லுக்கு வந்துவிட்டோம் என்று தெரிந்துகொண்டு அடுத்த வேலையைப் பார்க்கும்.

சாலைக்குச் சாலை கேமரா வைத்து, 2022 ஆகஸ்டில் பஞ்சாரா ஹில்ஸில் காவல்துறையின் ஒருங்கிணைந்த கட்டளைக் கட்டுப்பாட்டு மையத்தைத் திறந்த நகரத்துக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்களுக்கு மத்திய அரசு 2024 ஏப்ரலில் அறிவித்த பாதுகாப்பு விதிகள் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. யூஆர்ட் உள்ளிட்ட சீரியல் வழிகளை மூட வேண்டும், அல்லது கடினமான கடவுச்சொல்லால் காக்க வேண்டும் என்கிறது அதில் ஒரு விதி. ஷெல்லை அமைப்பவருக்கு இதன் பொருள் சில வரி வேலைதான். விற்பனைக்குப் போகும் ஃபர்ம்வேரில் டெல்நெட் இருக்கக் கூடாது. எண்டர் தட்டினாலே ஷெல் தரும் வரியை இன்னிட் அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் லாகின் கேட்கும் வரியை வைக்க வேண்டும். கடவுச்சொல் கம்பெனிக்கு ஒன்றாக இல்லாமல், தொழிற்சாலையிலேயே பெட்டிக்குப் பெட்டி வேறாக எழுதப்பட வேண்டும்.