அளவு கண்ணெதிரே நடக்கட்டும்

டீ சூடாக இருக்கிறது, ஆறட்டும். அதற்குள் ஒரு கேள்வி. இந்த டம்ளரில் இருக்கும் பாலில் தண்ணீர் கலக்கவில்லை என்று எதை வைத்து நம்புகிறோம்? டீக்கடைக்காரர் பால்காரரை நம்புகிறார். பால்காரர் மாடு வைத்திருப்பவரை நம்புகிறார், அல்லது நம்புவதாகக் காட்டிக்கொள்கிறார். மாடு வைத்திருப்பவருக்கோ இவர்கள் யார் மேலும் பெரிய நம்பிக்கை இல்லை. ஒரு நிறுவனத்தை மக்கள் எப்போது நம்பத் தொடங்குகிறார்கள், அந்த நம்பிக்கை எதனால் நிலைக்கிறது என்ற பேச்சு வந்தால் எனக்குப் பால்தான் முதலில் நினைவுக்கு வரும். சந்தேகப்பட இரண்டு பக்கமும் நியாயமான காரணம் உள்ள சரக்கு அது.

வாங்குகிறவருக்கு அதில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துத் தெரியாது. விற்கிறவருக்கு அளவு சரியாக நடந்ததா, தரம் சரியாகக் குறிக்கப்பட்டதா என்று தெரியாது. நெல்லென்றால் விலை கட்டுப்படியாகாவிட்டால் வீட்டில் போட்டு வைக்கலாம். பால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். ‘உன் பால் சரியில்லை, பாதி விலைதான்’ என்று சொல்லிவிட்டால், ஒரு எருமை வைத்திருக்கும் பெண் அந்தத் தூக்குவாளியை எங்கே எடுத்துக்கொண்டு போவார்?

இதில் லேக்டோமீட்டரின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதைப் பாலில் மிதக்கவிட்டால் பாலின் அடர்த்தியை டிகிரியில் காட்டும். தண்ணீர் கலந்தால் டிகிரி இறங்கும். இதுவரை சரி. ஆனால் பாலில் உள்ள கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. புரதமும் சர்க்கரையும் தாது உப்புகளும் கனமானவை. ஆகவே ஆடையை எடுத்துவிட்டால் மீதிப் பாலில் டிகிரி ஏறும். ஆடையையும் எடுத்து, அளவாகத் தண்ணீரையும் ஊற்றினால் ஏறியதும் இறங்கியதும் சரிக்குச் சரியாகி, கருவி நல்ல பாலின் டிகிரியையே காட்டும். எதிர்ப்பக்கமும் உண்டு. கறந்த சூட்டோடு கொண்டுவந்த பாலில் டிகிரி குறைந்து காட்டும், சூட்டுக்கு ஏற்பத் திருத்திப் படிக்காவிட்டால். இரண்டு முறை ஏமாற்றியவர் தப்பிக்கிறார், மாட்டடியிலிருந்து நேராக ஓடிவந்தவர் மாட்டிக்கொள்கிறார். அந்தக் கருவியும் வியாபாரியின் கையில், அதைப் படிக்கிறவரும் அவரே. இதை ஒரு தடவை அனுபவித்தவர் அடுத்த நாள் என்ன செய்வார்? நேர்மைக்குக் காசு இல்லையென்றால் அவரும் ஒரு சொம்பு தண்ணீர் சேர்ப்பார். அவரை என்னால் திட்ட முடியவில்லை.

பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதிய ஒரு கட்டுரை இதைத்தான் விளக்கியது. அவர் எடுத்துக்கொண்டது பழைய கார்ச் சந்தை. எது நல்ல கார், எது ஓட்டைக் கார் என்று வாங்குகிறவருக்குத் தெரியாதபோது எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க அதன் சொந்தக்காரருக்கு மனம் வராது, விலகிவிடுவார். மிஞ்சுவது ஓட்டைகள். தரம் பிரித்தறிய வழி இல்லாத சந்தையில் நல்லது தானாக வெளியேறும் என்ற இந்த விளக்கத்துக்காக அவருக்கு 2001-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பால் கொள்முதலில் இது தினம் இருவேளை நடக்கும்.

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் 1940-களில் நிலைமை இதுதான். மாவட்டத்துப் பால் பம்பாய்க்குப் போனது. வாங்கி அனுப்பும் உரிமை போல்சன் என்ற தனியார் பண்ணையிடம் இருந்தது. விலையை அவர்கள் சொல்வார்கள், இடைத்தரகர்கள் அளப்பார்கள். வல்லபாய் படேலிடம் விவசாயிகள் முறையிட்டபோது, சொந்தமாகக் கூட்டுறவுச் சங்கம் வையுங்கள் என்றார். 1946 ஜனவரியில் சமர்கா கிராமத்தில் மொரார்ஜி தேசாய் தலைமையில் கூட்டம் நடந்தது. விவசாயிகளின் சங்கத்திடமிருந்தே பாலை வாங்க அரசு ஒப்புக்கொள்ளாததால் பதினைந்து நாள் பாலை நிறுத்தினார்கள். அரசு இறங்கிவந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 14-இல் கேடா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம் பதிவானது. பின்னாளில் அமுல் என்று நாம் அறிந்தது இதைத்தான். 1948-இல் பம்பாய்க்குப் பால் அனுப்பத் தொடங்கியபோது இரண்டே ஊர்ச் சங்கங்கள், நாளைக்கு 250 லிட்டர் போலத்தான் பால்.

வியாபாரியிடம் ஏமாந்தவர்கள், புதிதாக வந்த சங்கத்தை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? சங்கம் சத்தியம் செய்யவில்லை. அளக்கும் முறையை மாற்றியது. ஊருக்குள்ளேயே சங்கம், வரிசையில் நின்று பால் ஊற்ற வேண்டும். முன்னால் வந்தவர் முன்னால். எந்தச் சாதி என்ற கேள்வி வரிசைக்கு இல்லை. ஊற்றியவரின் எண் எழுதிய சிறு குப்பியில் மாதிரி எடுப்பார்கள். டிகிரியை மட்டும் பார்க்காமல் கொழுப்பைத் தனியே அளப்பார்கள். இதற்கு ஸ்விட்சர்லாந்தின் கெர்பர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கண்டுபிடித்த முறை கைகொடுத்தது. கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் கந்தக அமிலம், அதன் மேல் பால், சிறிது அமைல் ஆல்கஹால். குலுக்கிச் சுழற்றினால் அமிலம் புரதத்தைக் கரைத்துவிட, கொழுப்பு மட்டும் மஞ்சள் பட்டையாக மேலே வந்து நிற்கும். எந்தக் கோடு வரை நிற்கிறது என்பதே பாலின் கொழுப்பு விழுக்காடு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பட்டையின் உயரத்தைப் பார்க்கலாம். பக்கத்து வீட்டுப் பாலோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். விலை கொழுப்பைப் பொறுத்தது என்றானதும் தண்ணீர் ஊற்றுவதில் லாபம் போய்விட்டது. கொழுப்பு நிறைந்த எருமைப் பாலுக்கு அதற்குரிய காசு வந்தது.

அடுத்தது பட்டுவாடா. காலையில் ஊற்றிய பாலுக்கு மாலையில் பணம், மாலைப் பாலுக்கு மறுநாள் காலையில். கடன் சொல்லாத நிறுவனம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது கூலிக்குக் காத்து நின்றவர்களுக்குத்தான் தெரியும். இன்னொரு பயனும் இதில் உண்டு. சங்கம் ஏமாற்றுகிறதென்றால் அரை நாளில் தெரிந்துவிடும், உறுப்பினர் இழப்பது ஒரு வேளைப் பால்தான். பெரிய தொகையைக் கொடுத்துவிட்டு ஆண்டுக் கடைசிவரை காத்திருக்கச் சொல்லும் நிறுவனங்களை நாம் நம்பிக் கெடுவதற்கும், இப்படிச் சின்னச் சின்னதாகச் சோதித்து நம்புவதற்கும் வித்தியாசம் உண்டு. ஆண்டு முடிவில் மிஞ்சிய லாபமும் அவரவர் ஊற்றிய பாலின் அளவுக்கேற்பத் திரும்பி வந்தது.

இந்த ஏற்பாடுகளெல்லாம் நல்ல நாளில் நடப்பவை. சங்கத்துக்கு உண்மையான சோதனை குளிர்காலத்தில் வந்தது. எருமைகள் கன்று ஈனும் பருவம் அது. பால் வரத்து கோடையைப் போல இரண்டு மடங்கையும் தாண்டும். பம்பாய்க்கோ ஆண்டு முழுக்க ஒரே அளவுதான் தேவை. ‘இன்றைக்கு வேண்டாம், கொண்டு போங்கள்’ என்று சங்கம் ஒரு நாள் சொல்லியிருந்தாலும் பழைய வியாபாரிக்கும் அதற்கும் வேறுபாடு இல்லாமல் போயிருக்கும். ஊற்றும் பாலை மறுக்கக்கூடாது என்ற முடிவை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அப்படியானால் மிஞ்சும் பாலைப் பவுடராக்கியாக வேண்டும். எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு வல்லுநர்கள் சொன்னார்கள். எச்.எம். தலாயா என்ற பால் தொழில்நுட்பர் முடியும் என்று செய்து காட்டினார். 1955 அக்டோபர் 31-இல், சங்கம் இயங்கிய ஆனந்த் நகரில் பவுடர்த் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். இந்தத் தொழிற்சாலையை இந்தியத் தொழில்நுட்பத்தின் வெற்றியாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது ஒரு வாக்கைக் காப்பாற்றுவதற்காகச் செய்த செலவாகவே தெரிகிறது. ஊர்ப் பெண்களிடம் ‘எல்லாப் பாலையும் எடுத்துக்கொள்கிறோம்’ என்று சொல்லியாகிவிட்டது, அதற்காக ஒரு தொழிற்சாலையே எழும்பியது.

மனிதர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடக்க நாட்களில் சங்கத்துக்கு முகமாக இருந்தவர் திரிபுவன்தாஸ் படேல். காந்திய வழியில் வந்தவர், ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்றுதான் முதலில் பால் வந்தது. அவர் தலைவர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றபோது உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டுப் பணமுடிப்பு கொடுத்தார்கள். அதை வைத்துக் கிராமத்துத் தாய்மார்கள், குழந்தைகளின் நலத்துக்காக அவர் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 1949-இல் ஆனந்துக்கு வந்து, பின்னர் சங்கத்தை நடத்தியவர் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் பிறந்தவர், நம் கோபிசெட்டிபாளையத்தில் பள்ளிக்குப் போனவர், லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். கடைசிவரை தன்னை விவசாயிகளின் ஊழியன் என்றே சொல்லிக்கொண்டார். ஊர்ச் சங்கத்தில் ஒருவருக்கு ஒரு வாக்கு, நூறு மாடு வைத்திருந்தாலும் ஒரு வாக்குதான். கொள்கை முடிவு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுடையது, ஆலையை நடத்துவது படித்தவர்களுடையது. நல்ல மனிதர் மேல் வந்த நம்பிக்கை அவர் இருக்கும்வரைதான் இருக்கும். அவர் இருக்கும்போதே அதை ஒரு நடைமுறைக்குள் ஊற்றி வைத்துவிட்டதுதான் இந்த இருவரும் செய்த பெரிய வேலை என்பது என் கருத்து. பால் கூட்டுறவை வைத்து ஷியாம் பெனகல் 1976-இல் எடுத்த ‘மந்தன்’ திரைப்படத்துக்கு ஐந்து லட்சம் உறுப்பினர்கள் தலைக்கு இரண்டு ரூபாய் கொடுத்திருக்கிறார்கள் என்றால், அந்த நடைமுறையைத் தங்களுடையதாக நினைத்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்.

குழாயில் சோதிப்பதிலும் ஒரு குறை இருந்தது. வரிசையில் நிற்கும் எல்லாருடைய பாலையும் அங்கேயே சுழற்றிப் பார்க்க நேரம் போதாது. மாதிரியை வைத்துவிட்டுப் போக வேண்டும், முடிவு பிறகு வரும். அந்த இடைவெளியில் எண் மாறுமோ என்ற சந்தேகம் நுழையும். 1990-களில் மின்னணுக் கருவிகள் வந்தபின் எடை, கொழுப்பு, தொகை மூன்றும் ஊற்றியவரின் பக்கம் திரும்பிய திரையில் உடனே தெரிந்தன, கையில் சீட்டும் வந்தது. கருவியைவிட அந்தத் திரை யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் 1981-இல் தொடங்கிய பால் உற்பத்தியாளர் கூட்டுறவு இணையம், அதாவது ஆவின், இதே ஆனந்த் முறையில் மூன்று அடுக்காக அமைந்தது. ஊரில் சொசைட்டி, மாவட்டத்தில் ஒன்றியம், மேலே இணையம். இங்கே பால் உற்பத்தியாளர்கள் பல ஆண்டுகளாக ஒரு கோரிக்கை வைத்து வருகிறார்கள். பாலின் அளவையும் தரத்தையும் ஊர்ச் சொசைட்டியிலேயே, வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே முடிவுசெய்து குறிக்க வேண்டும் என்பது அது. காரணம் எளிது. சொசைட்டியில் ஒரு கணக்கு, வண்டி போய்ச் சேரும் இடத்தில் இன்னொரு கணக்கு என்று வந்தால், நடுவில் குறைந்தது எங்கே என்று ஊற்றியவரால் சொல்ல முடியாது. இழப்பு மட்டும் சொசைட்டி வழியாக அவர் தலையில் விடியும். வழியில் பாலுக்குப் பொறுப்பாக இருப்பது ஒன்றியம், வண்டி அதன் ஏற்பாடு. ஆகவே வழியில் நேரும் குறைவுக்கும் ஒன்றியம்தான் பொறுப்பேற்க வேண்டும். ஏற்றும் இடத்திலேயே இரண்டு தரப்பும் பார்த்துக் கையெழுத்திட்ட ஒரு கணக்கு இருந்தால் போதும், பணம் அந்தக் கணக்குப்படி, சொன்ன கிழமையில் வர வேண்டும். இந்த இரண்டும் நடக்கும் ஊரில் தனியார் வண்டிக்காரர் லிட்டருக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுத்தாலும் வரிசை சொசைட்டி வாசலில்தான் நிற்கும்.