செட்டிநாட்டு இல்லங்களும் காமிராத் தேர்வும்

காரைக்குடியை அடுத்த கோட்டையூரிற் பிறந்த ஏ. கே. செட்டியார் (1911–1983) ஜப்பானிலும் அமெரிக்காவிலும் படப்பிடிப்புக் கலை பயின்றவர். பின்னர் உலகைச் சுற்றிக் காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் திரட்டி, 1940இல் அவற்றை ஒரு முழுப்படமாக வெளியிட்டார். மறையக்கூடிய காட்சிகளைத் தேடித் தொகுத்த அப்பெரியாரின் நாட்டில் இன்று மறைந்து வருவன இல்லங்களே. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானபின், அங்கே பொருளீட்டிய குடும்பங்கள் பல நிலைகுலைந்தன. வீடு ஒன்றாயிருக்கப் பங்காளிகள் பலராயினர். பேணுவாரின்றிப் பிரிக்கப்பட்ட வீடுகளின் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருட் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. ஆதலால், விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் தம் முன்னோர் வீட்டைப் பிலிமிற் பதிவு செய்ய விரும்பின், எவ்வகைக் காமிராவைக் கொள்ளுதல் தகும் என்பதை ஈண்டு ஆராய்வோம். கைபேசி இருக்கப் பிலிம் எதற்கு என்று வினவுவாரும் உளர். பெட்டியில் நன்கு பேணிய நெகட்டிவை ஐம்பதாண்டு கழித்து எடுத்து வெளிச்சத்திற் பிடித்தாலும் உருவம் தெரியும். அவ்வளவே நம் விடை.

கையால் இயக்கும் 35 மி.மீ. பிலிம் காமிராக்களில் இரு பெருவகைகள் உள. ஒன்று ரேஞ்ச்பைண்டர், அதாவது தூரமானிக் காமிரா. இதன் முகப்பில் இரு சிறு சாளரங்கள் உண்டு. ஒன்றன் வழியே காட்சி நேரே தெரியும். மற்றொன்றன் வழியே வரும் பிம்பம் அதன் நடுவில் நிழல்போற் படியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப அப்பிம்பம் நகர்ந்து, இரண்டும் ஒன்றாகும்பொழுது தூரம் சரியாயிற்று என்று கொள்ளலாம். 1932இல் வெளிவந்த இரண்டாம் லைகாவிலும் கான்டாக்ஸிலும் இவ்வமைப்பு லென்ஸோடு இணைக்கப்பட்டது. மற்றொன்று எஸ்.எல்.ஆர். என்னும் ஒற்றை லென்ஸ் ஆடிக் காமிரா. இதில் லென்ஸின் பின்னே சாய்ந்து நிற்கும் ஆடி, அதாவது முகம் பார்க்கும் கண்ணாடி, ஒளியை மேலே திருப்புகின்றது. பட்டகம் அதனை நேராக்கிக் கண்ணுக்குக் காட்டுகின்றது. விசையை அழுத்தியதும் ஆடி மேலெழ, ஒளி பிலிமிற் படும். 1936இல் டிரெஸ்டன் நகரில் வெளிவந்த கினே எக்ஸாக்டா இவ்வகைக்கு முன்னோடி. 1959இல் வந்த நிக்கான் எப் இதனை உலகெங்கும் நிலைநாட்டியது.

இனி வீட்டினுள் நுழைவோம். முகப்பைக் கடந்து வளவிற்குள் வந்தால், நடுவே வானம் திறந்து வெயில் கொட்டும். சுற்றுத் தாழ்வாரமோ நண்பகலிலும் இருண்டிருக்கும். அதனையடுத்த அறையில், 400 வேகமுள்ள பிலிமிட்டு லென்ஸின் துவாரத்தை எப்/2 அளவிற்குத் திறந்தாலும், ஒரு நொடியில் 15இல் ஒரு பங்கு வேண்டியிருக்கும். அவ்விருளில் ஆடிக் காமிராவின் திரை மங்கிக் கண் தடுமாறும். ஆடி எழும் அதிர்ச்சியாற் படம் கலங்குதலும் உண்டு. தூரமானிக் காமிராவிலோ பார்வைச் சாளரம் லென்ஸைச் சாராமையால் என்றும் தெளிவாயிருக்கும். எழும் ஆடி இல்லாமையால் கையிற் பிடித்தே எடுக்கலாம். அதனினும் பெரிது அதன் ஓசையின்மை. தூணோரம் அமர்ந்து வெற்றிலை மடிக்கும் ஆச்சி முதற் படத்தின் 'டக்' ஓசையைக் கேட்டதும் முந்தானையைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். பிறகு எடுப்பது ஆச்சியின் படமன்று, காமிராவுக்கு அஞ்சிய ஒருவரின் படம்.

ஆயினும் நிலைவாசலின் முன் வந்து நின்றால் நிலைமை மாறும். நிலையின் மேற்கட்டையிற் செதுக்கிய திருமகள் உருவத்தையோ, ஆத்தங்குடிக் கல்லின் ஒரு பூவையோ அண்மையில் எடுக்கவேண்டின், தூரமானிக் காமிராக்களிற் பெரும்பாலானவை முக்கால் மீட்டருக்கோ ஒரு மீட்டருக்கோ உட்பட்ட பொருளைத் தெளிவாகக் காட்டா. அன்றியும், கண்பார்க்கும் சாளரம் வேறு, படம் பிடிக்கும் லென்ஸ் வேறு ஆதலின், அண்மைப் பொருளின் தலை வெட்டுண்டு போகும். லென்ஸின் மூடியைக் கழற்ற மறந்தாலும் சாளரத்தில் எல்லாம் அழகாகவே தெரியும். சுருள் முழுவதும் வெறுமையாவது கழுவியபின்னரே விளங்கும்! ஆடிக் காமிராவில் கண்டதே படம். மாடத்தின் உச்சியிலுள்ள சுதைப் பதுமைகளுக்கு 135 அல்லது 200 மி.மீ. லென்ஸை மாட்டித் தெருவில் நின்றபடியே எடுக்கலாம்.

ஆயின் இரண்டில் எதனைக் கொள்வது? எது முன்னே மறையும் என்று நோக்கித் துணிதல் வேண்டும் என்பது நம் கருத்து. வீட்டிற் பெரியோர் வாழ்ந்து, அடுப்படியிற் புகை எழுந்துகொண்டிருக்குமாயின், தூரமானிக் காமிராவைக் கொள்க. கதவுகள் இன்னும் சில ஆண்டு நிற்கும், ஆச்சியின் ஆயுளுக்கு அவ்வுறுதியில்லை. வீடு பூட்டிக்கிடந்து பாகப்பிரிவினையும் முடிந்து, வியாபாரி வந்து தூண்களை எண்ணிச் சென்றுவிட்டானாயின், ஆடிக் காமிராவும் முக்காலியும் கொண்டு சென்று, செதுக்குவேலை ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து வைக்கவேண்டும். வளவின் வெயில் இரண்டிற்கும் பொதுப்பகை. காலை எட்டு மணிக்கு முன் செல்வதே அதற்கு மருந்து.

பழைய காமிராவே பெரும்பாலும் கிடைக்குமாதலால் வாங்கும்பொழுது சில பார்க்கவேண்டும். 1976 முதல் 1997 வரை வெளிவந்த பென்டாக்ஸ் கே1000 பாட்டரி தீர்ந்தாலும் படம் எடுக்கும். ஒளிமானிக்கு மட்டுமே பாட்டரி வேண்டும், அதுவும் இன்று எளிதிற் கிடைப்பது. 1972இல் வந்த கானனெட் ஜி-3 என்னும் தூரமானிக் காமிராவின் ஒளிமானிக்குரிய பாதரச பாட்டரியோ இப்பொழுது செய்யப்படுவதில்லை. ஒளியைக் கணக்கிட்டு எடுக்கப் பழகுக. தூரமானி எனின், கடைவாயிலில் நின்று தொலைவிலுள்ள ஒரு கம்பத்தை நோக்கி, வளையத்தை முடிவில்லாத் தூரத்திற்குத் திருப்பிப் பாருங்கள். இரு பிம்பங்களும் ஒன்றன்மேலொன்று பொருந்தாவிடின், பழுதுபார்க்கும் கூலியை விலையிற் கழித்துக் கேளுங்கள்.