சலீம் அலியின் வௌவால்

தேனி மாவட்டத்து மேகமலையில் 1948-ல் ஒரு வௌவால் பிடிபட்டது. பிடித்தவர் ஆங்கஸ் ஹட்டன். தோட்டத் தொழிலுக்கு நடுவே காட்டுயிர்களைத் தேடி அலைந்தவர். பாடம் செய்யப்பட்ட அந்த உடல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நம் தோப்புகளில் சாதாரணமாகத் திரியும் குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால் என்று எழுதி, அங்கே அதை வைத்துவிட்டார்கள்.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அதை எடுத்துப் பார்த்தார். பல்லமைப்பே வேறாக இருந்தது, வாலும் இல்லை. புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினம் என்று 1972-ல் அறிவித்து, பறவையியலாளர் சலீம் அலியின் பெயரையே அதற்குச் சூட்டினார். அடுத்த வௌவால் கண்ணில் பட 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே 1972-ல்தான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதன் ஐந்தாம் அட்டவணையில் எலி, காக்கையோடு பழந்தின்னி வௌவால்களையும் சேர்த்தார்கள். தீங்குயிரிகள், கொன்றால் கேள்வி இல்லை. தோட்டத்துப் பழத்தைத் தின்கின்றன என்பதே குற்றச்சாட்டு.

பின்னர் சலீம் அலி வௌவால் மட்டும் புலி, யானை இருக்கும் முதல் அட்டவணைக்கு ஏற்றப்பட்டது. நல்ல செய்திதான். ஆனால் வௌவால் கறி ஆஸ்துமாவுக்கு மருந்து என்று நம்பி வலை விரிப்பவர் இருட்டில் சிக்கியது எந்த இனம் என்று பார்த்துக்கொண்டா இருப்பார்? உறவினங்களைக் கொல்ல அனுமதித்துவிட்டு ஒன்றை மட்டும் காப்பது காகிதப் பாதுகாப்பு. அந்தத் தீங்குயிரிப் பட்டியலை நீக்க 2022-ன் திருத்தச் சட்டம் வர வேண்டியிருந்தது.

தோப்பில் கொஞ்சம் பழம் போவது உண்மை. கணக்கின் மறுபக்கமும் உண்டு. அத்திப் பழங்களைத் தின்று, விதைகளை வழியெங்கும் போட்டுப் போகின்றன பழந்தின்னிகள். இலுப்பை பூப்பது இரவில். அதன் மகரந்தச் சேர்க்கையிலும் இவற்றுக்குப் பெரும் பங்கு. இழப்பை ஈடுகட்டுவதும் இவற்றுக்கு எளிதல்ல. பழந்தின்னிகள் பெரும்பாலும் ஓர் ஈற்றில் ஒரே குட்டிதான் போடும்.

சலீம் அலி வௌவால் தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளைத் தாண்டி வேறெங்கும் இல்லை. பகலில் குகைகளில் அடையும். களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்திலும் அது பதிவாகியிருக்கிறது. மேகமலையோ 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டது. ஆக, புலிக்குக் கிடைத்த காவல் வௌவாலுக்கும் கிடைத்திருக்கிறது.

மிச்சமிருப்பது பயம். 2018-ல் கேரளத்தில் நிபா பரவியபோது பழி முழுவதும் பழந்தின்னிகள் மேல் விழுந்தது. அந்த வைரஸ் இவற்றின் உடலில் இருப்பது உண்மைதான். அதற்காக மரத்தை வெட்டுவதும் புகை போடுவதும் கூட்டத்தைக் கலைத்து ஊருக்குள் பரப்புமே தவிர, நோயைத் தடுக்காது. வௌவால் கடித்த பழத்தைத் தின்னாதீர்கள். குகையில் அடைந்திருப்பவற்றின் மேல் டார்ச் அடிக்காதீர்கள், பட்டாசும் வேண்டாம்.