ஆள்களப் பெயரும் அதனை விருத்தி செய்தலும்

உலகிற் பொருள்கள் பலவாயினும், ஒன்றினின்று மற்றொன்றை வேறுபடுத்தி அறிதற்குக் கருவியாவது பெயரே. தொல்காப்பியர் சொல்லதிகாரத்திற் பெயரியல் எனத் தனியோர் இயல் வகுத்தமையும், பவணந்தி முனிவர் நன்னூலிற் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுத்தமையும் இதனை நன்கு புலப்படுத்தும். அப்பழைய பகுப்பு இன்றைய இணைய உலகிலும் நமக்குத் துணை செய்கின்றது. ஒருவர் பதிந்து வைத்துள்ள ஆள்களப் பெயரை உழைப்பிட்டு வளர்த்தல் தகுமோ, கைவிடுதல் தகுமோ என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இவ்வினா எமக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று. றொசல்லப் பகுதித் தோட்டமொன்றிற் பிறந்து, எம்மிடம் பயின்று, இன்று கொழும்பிற் கடையொன்றிற் பணிபுரியும் மாணவர் ஒருவர் சென்ற விடுமுறையில் எம்மை நாடி வந்தார். இரண்டு பெயர்களைப் பதிந்து நான்கு ஆண்டுகளாகக் கட்டணம் செலுத்தி வருகின்றார். ஒன்று, தேயிலை விற்றற்கென எடுத்த ஆங்கிலப் பெயர். மற்றையது, தம் தோட்டத்தாரின் பழங்கதைகளையும் புகைப்படங்களையும் தொகுத்தற்கென எடுத்த தமிழ்ப் பெயர். இரண்டும் வெறும் பெயராகவே கிடந்தன. “சேர், இவற்றை விடுவதா, வைத்திருப்பதா?” என வினவினார். சிறு சம்பளத்தில் வாழ்வோர்க்கு இது சிறு வினா அன்று.

ஆள்களப் பெயர் என்பது யாது? இணையத்திற் பொருந்திய கணினிகள் எண்களாலான முகவரிகளால் ஒன்றையொன்று அறியும். எண்களை நினைவில் வைத்தல் மாந்தர்க்கு அரிது. ஆகவே, பெயரைக் கூறின் அதற்குரிய எண்ணைத் தேடித் தரும் முறையொன்றைப் போல் மொக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர் 1983 இல் வகுத்தார். அம்முறை ஒரு மரம் போன்றது. வேரினின்று கொம், எல்.கே. முதலிய கிளைகள் பிரிய, அவற்றினின்று தனிப் பெயர்கள் தளிர்க்கும். எல்.கே. என்னும் இலங்கைக் கிளை 1990 இல் தோன்றியது. 2010 இல் ‘இலங்கை’ என்னும் தமிழ்ச் சொல்லும், அதற்கு நேரான சிங்களச் சொல்லும் அவ்வேரிற் சேர்க்கப்பட்டன. ‘இந்தியா’, ‘சிங்கப்பூர்’ என்பனவும் இவ்வாறு தமிழெழுத்தில் இடம்பெற்றவையாம்.

இப்பெயரை ‘வாங்கினேன்’ எனக் கூறுவது உபசார வழக்கே. உண்மையில் அது குத்தகை. கொம் முதலிய பொதுக் கிளைகளில் ஒரே முறையிற் பத்தாண்டுக்கு மேற் பதிதல் இயலாது. கட்டணம் தவறின், சிறிது கால அவகாசத்தின் பின் அப்பெயரை எவரும் எடுத்துக்கொள்ளலாம். குத்தகைக் காணியைத் தரிசாக வைத்திருப்பவன் ஆண்டுதோறும் இழப்பவனேயாவான். ஆதலின், பெயரை வைத்திருப்போர் பின்வரும் சோதனைகளைச் செய்தல் வேண்டும்.

முதலாவது, செவிச் சோதனை. தொலைபேசியிற் பெயரைக் கேட்டவர் பிழையின்றி எழுத வல்லரோ எனக் காண்க. வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடைப்பட்ட எம் ஊரையே எடுத்துக்கொள்வோம். றொசல்ல என்பாரும் ரொசெல்ல என்பாரும் உளர். ஹட்டனை அட்டன் என எழுதுவாரும் உளர். மாந்தர் இவற்றை ஒன்றாகக் கொள்வர். கணினியோ ஓரெழுத்து வேறுபடினும் வேறு பெயராகவே கொள்ளும். தமிழ்ப் பெயர்களை ஏற்காத மின்னஞ்சற் சேவைகளும் விண்ணப்பப் படிவங்களும் இன்னும் இருத்தலின், தமிழ்ப் பெயரோடு உரோம எழுத்துப் பெயரொன்றையும் துணையாகக் கொள்ளுதல் நலம்.

இரண்டாவது, உரிமைச் சோதனை. பிறரது வணிகக் குறியை ஒத்த பெயரை, அதில் நியாயமான உரிமை எதுவுமின்றித் தீய நோக்குடன் பதிந்து பயன்படுத்துவோரிடமிருந்து அதனை மீட்டற்கான பொது நடைமுறை 1999 இல் வகுக்கப்பட்டது. 1972 இல் நாட்டின் பெயர் மாறிய பின்னரும் ‘சிலோன்’ என்னும் பெயர் தேயிலையோடு நிலைத்து நிற்கின்றது. சிங்கச் சின்னமோ இலங்கைத் தேயிலைச் சபைக்கு உரியது. இத்தகைய பெயர்களைச் சார்ந்து உழைப்போர், தாம் பிறர் காணியிற் கன்று நடவில்லை என்பதை முன்னரே உறுதி செய்தல் வேண்டும்.

மூன்றாவது, பழமைச் சோதனை. அப்பெயரை முன்னர் எவரேனும் கைக்கொண்டிருந்தனரோ, ஆயின் எதற்குப் பயன்படுத்தினர் என அறிதல் வேண்டும். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இணைய ஆவணக் காப்பகம் 2001 முதல் அவற்றைப் பொதுமக்கள் காண வழி செய்துள்ளது. மோசடிக்குப் பயன்பட்ட பெயரின் பழி அடுத்து வருவோரையும் தொடரும்.

நான்காவதே தலையாயது, அது பயிர்ச் சோதனை. பெயர் நன்றாயின் பயனும் நன்றாம் எனக் கருதுதல் மயக்கமாகும். செல்லப் பிராணிகளைக் குறிக்கும் ‘பெற்ஸ்’ என்னும் கொம் பெயர் எவர்க்கும் எளிதில் விளங்கும் காரணப்பெயர். எனினும் அதனைத் தாங்கிய அமெரிக்கக் கம்பனி பெருமுதலைச் செலவிட்டு 2000 ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டது. 1997 இல் பதியப்பட்ட ‘கூகிள்’ என்பதோ மக்களுக்குப் பொருள் விளங்காத, இடுகுறி போன்ற பெயர். ஒரு பேரெண்ணின் பெயர் திரிந்து வந்தது. உழைப்பே அதற்குப் பொருள் தந்தது. நம் நாட்டில் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தை நோக்குக. அச்சொல்லை உரோம எழுத்திற் பல வகையாக எழுதலாம். செவிச் சோதனையில் அது முழு வெற்றி பெறாது. எனினும், 2005 இல் தொடங்கி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இடையறாது சேர்த்தமையால், மாணாக்கரும் ஆய்வாளரும் அதனைத் தேடிச் செல்கின்றனர். பெயர் கன்று; உள்ளடக்கமே கொழுந்து. நட்ட தேயிலை கொழுந்தெடுக்கச் சில ஆண்டுகள் செல்லும். அதன் பின்னரும் கவ்வாத்து வேண்டும். இதுவும் அவ்வாறே.

இச்சோதனையைச் செய்ய எளிய வழியொன்றுண்டு. பணம் செலவிடுமுன் ஒரு தாளை எடுத்து, அப்பெயரின் கீழ்த் தாமே எழுதத்தக்க தலைப்புகளை வரிசையாக எழுதுக. எம் மாணவரை அவ்வாறு செய்யுமாறு கூறினோம். தேயிலைப் பெயரின் கீழ் ஆறு தலைப்போடு எழுதுகோல் நின்றது. விற்றற்குச் சரக்கில்லை, ஏற்றுமதிக்குத் தேயிலைச் சபையிற் பெறவேண்டிய பதிவுமில்லை. தமிழ்ப் பெயரின் கீழோ பிரட்டுக்களம், பிள்ளைக்காம்பரா, காமன் கூத்து, பாட்டியார் கூறிய கதைகள் என எழுதுகோல் ஓய்ந்தபாடில்லை. விடை அவர் கையெழுத்திலேயே கிடைத்தது. முன்னதைக் காலாவதியாக விட்டுப் பின்னதை வளர்ப்பதென அவர் துணிந்தார். கிழமைக்கு ஒரு பக்கம் எழுதுவதென்றும், ஓராண்டின் பின் மீண்டும் கணக்குப் பார்ப்பதென்றும் உடன்பட்டோம்.

அப்பெயர் பணம் ஈட்டுமோ எனின், ஈட்டாது என்றே கூறினோம். ஆயினும் பயன் பணம் ஒன்றேயன்று. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகி, 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை அக்குறை முற்றும் நீங்கப் பெறாதவர் எம் மக்கள். லயங்களில் வாழ்ந்தோர்க்குத் தமக்கெனத் தனி முகவரி இன்மையால், கடிதங்களும் நெடுங்காலம் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே வந்தன. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு நாள் கடந்து கைசேரக் கண்ணீர் விட்டோரை யாம் அறிவோம். அத்தகையோர் தம் வரலாற்றைத் தாமே எழுதி, தம் பெயராலேயே உலகம் வந்து காணும் முகவரி ஒன்றை அமைப்பாராயின், அதற்குச் செலுத்தும் ஆண்டுக் கட்டணம் வீணாகாது. ஆனால், எழுதாது வைத்திருக்கும் பெயர் எத்துணை அழகியதாயினும் வீணே என்பதை உணர்ந்து, பதிந்தோர் இன்றே எழுதுகோலை எடுப்பாராக.