தலைமேல் அடைகாத்த கோழி

சென்ற நவம்பரில் நம் பள்ளியில் நடந்த கேளிக்கைச் சந்தைக்கு வந்தவர்கள் யாரும் அந்தக் கோழியை மறந்திருக்க மாட்டீர்கள். வைக்கோல் கூடு, அதில் ஆறு முட்டைகள், அவற்றின் மேல் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு செங்கோழி. இத்தனையும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தலைமேல்! "அதை எப்படிச் செய்தீர்கள்?" என்று இன்றுவரை கேட்பவர்கள் பலர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி மாளாமல் இங்கே எழுதுகிறோம். அடுத்த ஆண்டு நீங்கள் செய்யும்போது நாங்கள் பட்ட பாட்டைப் படவேண்டாம்.

தொப்பி யோசனையைத் தந்தவர் எங்கள் தையல் சிஸ்டர். நவம்பர் 25ஆம் நாள் அலெக்சாந்திரியா நகரப் புனித கத்தரீனம்மாளின் திருநாள். மணமாகாத பெண்களுக்கு அவர் பாதுகாவலி. பாரிஸ் நகரத்துத் தையற்கூடங்களிலும் தொப்பிக் கடைகளிலும் வேலைபார்த்த பெண்களில், 25 வயதாகியும் மணமாகாதவர்களுக்கு அன்று தோழியர் விசித்திரமான தொப்பி செய்து சூட்டுவது வழக்கம். பச்சையும் மஞ்சளும் அத்தொப்பிகளுக்குரிய நிறங்கள். இத்திருநாள் 1969இல் திருச்சபையின் பொது நாள்காட்டியிலிருந்து எடுக்கப்பட்டு, 2002இல் மீண்டும் சேர்க்கப்பட்டதாம். "நாள்காட்டியில் இல்லாதபோதும் பாரிஸ் பெண்கள் தொப்பியை விடவில்லை" என்று சிஸ்டர் சிரித்தார். எங்கள் சந்தையும் அந்த வாரத்தில்தான் வந்தது.

எங்களுக்கு விளையாட்டு மட்டும் நோக்கமன்று. எங்களோடு படித்த ஒருத்தி, தந்தை இறந்தபின் காலாண்டுத் தேர்வோடு நின்றுவிட்டாள். விடுதிக் கட்டணம் கட்ட வழியில்லை. எங்கள் கடையின் வருமானத்தை அதற்குத் தரச் சம்மதம் கேட்டோம்; கிடைத்தது. ஆனால் கடைக்குக் கிடைத்த இடமோ கிணற்றடி மூலை. அங்கே கூட்டத்தை இழுக்க வேண்டுமானால், கூட்டத்துக்கு மேலே தெரியும்படி ஏதாவது நடமாட வேண்டும்!

முதல் தொப்பியைப் பலூன்மேல் செய்தோம். பலூனை ஊதி, செய்தித்தாள் கிழிசல்களை மைதாப் பசையில் தோய்த்து எட்டு அடுக்கு ஒட்டினோம். மாலையில் அழகாக இருந்தது. மழைக்காலம் அல்லவா? இரவுக் குளிரில் பலூன் சுருங்கியது. காயாத காகிதமும் கூடவே சுருங்கி, காலையில் வாடிய கத்தரிக்காய் போல் கிடந்தது. விடாப்பிடியாக நிமிர்த்தி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் முட்டைகள் வார்த்துப் பதித்தோம். பண்டகசாலைத் தராசில் 900 கிராம் காட்டியது. அணிந்தவள் பத்தே நிமிடத்தில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சந்தையோ நான்கு மணி நேரம். அன்றிரவு அதைப் பரண்மேல் வைத்தோம். மறுநாள் பாதிதான் இருந்தது. "மைதா மாவைப் பூசிப் பரண்ல வச்சா எலி சும்மா விடுமா பிள்ளைகளா?" என்றார் விடுதிச் சமையலறைப் பெரியம்மா. உண்மையைச் சொன்னால், அந்த எலிக்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டும்.

சந்தைக்கு ஆறு நாள் இருந்தது. பெரியம்மாவே வழி சொன்னார்: "பலூன் எதுக்கு? சட்டியைக் கவிழ்த்து ஒட்டுங்க. அடுப்புப் பக்கத்தில் வச்சாலும் வெடிக்காது." நூலை எடுத்துக்கொண்டு சமையலறையிலுள்ள மண்சட்டிகளையெல்லாம் அளந்தோம். அணிபவளின் தலைச்சுற்றளவு, நெற்றிக்கு மேலே காதுகளைத் தொடாமல் அளந்தால் 54 செ.மீ. ஒரு விரல் நுழைய இடம் வேண்டும். ஆகவே 56 செ.மீ. சுற்றளவுள்ள குழம்புச் சட்டி எங்களுக்கு அகப்பட்டது. இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டிய ரிப்பனோடு அளக்காதீர்கள். தொப்பி ரிப்பனுக்கு மேலேதான் உட்கார வேண்டும்.

சட்டியின் வெளிப்புறத்தில் தேங்காயெண்ணெய் தடவி, முதல் அடுக்கை வெறுந்தண்ணீரில் நனைத்து மட்டும் ஒட்டுங்கள். பசை சட்டியைத் தொடாததால் காய்ந்தபின் எளிதில் கழன்று வரும். பசைக்கு மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு கொதிக்கும் நீரில் ஊற்றிக் கிளறவேண்டும். நேரே கொதிநீரில் கொட்டினால் கொழுக்கட்டைதான்! பூஞ்சை பிடிக்காதிருக்கக் கொஞ்சம் உப்புச் சேர்த்தோம். புத்தகம் கட்டுபவர்கள் பூச்சிக்காகப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு, தலையில் வைக்கும் பொருளுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டோம். முன்னாளில் ஐரோப்பாவில் தொப்பிக்கான ஃபெல்ட் செய்தவர்கள் பாதரச உப்பைப் பயன்படுத்தி, அதன் ஆவியால் கைநடுக்கமும் மனக்குழப்பமும் அடைந்தார்கள். 1865இல் வெளிவந்த ஆலிஸின் கதையில் வரும் கிறுக்குத் தொப்பிக்காரனை நினைத்துக்கொள்ளுங்கள்!

செய்தித்தாளை ஒரு பக்கமாகக் கிழித்தால் நேராகக் கிழியும். மறுபக்கம் கோணலாகப் போகும். காகிதத்தின் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருப்பதே காரணம். ஆகவே ஓர் அடுக்கு நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் ஒட்டினால் ஐந்து அடுக்கே போதும். எட்டு அடுக்கு எங்கள் அறியாமை. கத்தரியால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரம் மெல்லியதாகப் படிந்து மேடு தெரியாது.

சட்டியை அடுப்பங்கரைத் திண்ணையில் இரண்டு நாள் வைத்தோம். ஒரு பக்கம் லேசாகக் கருகிற்று. அதை வைக்கோல் மறைத்துவிட்டது. முழுதும் காயுமுன், சற்று ஈரமிருக்கும்போதே கழற்றி இரு பக்கமும் மெல்ல அமுக்கவேண்டும். சட்டி வட்டம், மனிதத் தலையோ நீள்வட்டம். இதைச் செய்யாவிட்டால் தொப்பி தலையில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

விளிம்புக்கு அட்டையை வளையமாக வெட்டி, உள் ஓரத்தில் பல் பல்லாகக் கத்தரித்து மடித்துத் தொப்பியில் ஒட்டினோம். வைக்கோலைப் பசையால் ஒட்டப் பார்த்துத் தோற்றோம். கோணி ஊசியால் விளிம்போடு சேர்த்துத் தைத்த பிறகுதான் நின்றது. முட்டைகள் இம்முறை உண்மையானவை. இரு முனையிலும் ஊசியால் துளையிட்டு, வாயால் ஊதி உள்ளிருப்பதை வெளியேற்றினோம். ஒரு முட்டை ஓட்டின் எடை ஆறு கிராம் அளவுதான். ஊதியது அன்றிரவு விடுதியில் ஆம்லெட் ஆயிற்று. மூவருக்கு மட்டுமே கிடைத்தது. அந்தச் சண்டை இங்கே வேண்டாம்.

கோழியின் உடல் சிறிய கலயத்தின்மேல் ஒட்டிய மூன்று அடுக்குக் காகிதம். கழுத்து சுருட்டிய அட்டை. சந்தைக்கடையில் வாங்கிய உண்மை இறகுகள் நாற்றம் தாங்கவில்லை. ஆகவே சிவப்பு, பழுப்புக் கிரேப் காகிதத்தை நுனி நறுக்கி ஒட்டினோம். வாலில் தொடங்கிக் கழுத்தை நோக்கி வரவேண்டும். ஓடு வேய்வதுபோல் மேல்வரிசை கீழ்வரிசையின் அடியை மூடும். நாங்கள் முதலில் கழுத்திலிருந்து தொடங்கி, பாதியைப் பிய்த்து எறிந்தோம்.

கோழியை எங்கே நிறுத்துவது என்பதில் பௌதிகம் கைகொடுத்தது. முதுகில் நூல்கட்டித் தொங்கவிட்டு, தலையும் வாலும் சமமாக நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்த இடம் தொப்பியின் உச்சிக்கு நேர்மேலே வரும்படி தைத்தோம். கழுத்தை இன்னும் உயர்த்த ஆசைதான். ஆனால் பாரம் மேலே ஏற ஏறத் தொப்பி கவிழப் பார்க்கும். உள்ளே பழைய புடவைத்துணிப் பட்டையும் தாடைக்கு நாடாவும் தைத்து நிறுத்தபோது 320 கிராம்!

சந்தையன்று தூறல். கோழி மட்டும் குடைக்குள் சென்றது. அணிந்தவள் தோள்வரை நனைந்தாள். அவள் வகுப்பிலேயே அதிகம் பேசாதவள். அன்று "கொக்கரக்கோ" என்று மைதானம் முழுதும் கூவிக்கொண்டு, ஐம்பது பேருக்குக் குறையாமல் எங்கள் மூலைக்கு இழுத்து வந்தாள். (கூவுவது சேவல்தான் என்று விலங்கியல் ஆசிரியை திருத்தினார்.) எங்கள் அதிர்ஷ்ட முட்டைகள் மூன்று மணிக்கே தீர்ந்தன. கணக்கை அன்றே தலைமையாசிரியையிடம் ஒப்படைத்தோம்.

ஜனவரியில் எங்கள் தோழி பெட்டியோடு வந்து இறங்கினாள். அறிவியல் கூடத்து அலமாரிமேல் இருந்த தொப்பியை எடுத்து அணிந்து, கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தாள். "கோழிக்கு ஒரு கண் கோணல்டி" என்றாள். கோணல்தான். அந்தப் பொத்தானை அவளே பிரித்துத் தைத்தாள்.

— ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவியர்