மழித்தால் தெரியும் மேடு பள்ளம்

முடி நடும் நிலையங்களின் விளம்பரங்களில் எல்லாமே எண்ணிக்கைதான். 3000 கிராஃப்ட் (எடுத்து நடும் மயிர்க்கால் தொகுதி), 4000 கிராஃப்ட், அதுவும் ஒரே நாளில். போகிறவர்களும் எத்தனை முளைக்கும் என்றுதான் கேட்கிறார்கள். முடிக்கு அடியில் இருக்கும் தோல் என்ன ஆகும் என்று கேட்பவர் அபூர்வம். ஆனால் முடியெல்லாம் ஒழுங்காக முளைத்த பிறகும் ‘என்னமோ இடிக்குதே’ என்று பார்ப்பவருக்குத் தோன்றினால், பல நேரம் காரணம் அந்தத் தோல்தான்.

பின்மண்டை முடியை முன்னால் நட்டாலும் அது தன் பழைய குணம் மாறாமல் உதிராது வளரும் என்று நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைச் 1959-ல் எழுதினார். அந்தக் காலத்தில் 4 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலை வட்டமாக வெட்டியெடுத்து நட்டார்கள். முடி கொத்துக் கொத்தாக நின்றது, இடையில் தோல் மேடு தட்டியது. இப்போது ஒன்று முதல் நான்கு முடி உள்ள மயிர்க்கால் தொகுதிகளை, 1 மில்லிமீட்டருக்கும் குறுகிய துளைகருவியால் தனித்தனியாக எடுக்கிறார்கள். மேடு சிறுத்தது. காணாமல் போய்விடவில்லை.

எடுக்கும் ஒவ்வொரு கிராஃப்டோடும் மேல்தோலின் சின்ன விளிம்பு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். நட்ட இடத்தில் அது சற்றே தூக்கலாக நின்றால், ஆறும்போது பருபோல மேடாகிவிடும். நூற்றுக்கணக்கில் அப்படி அமைந்தால் கூழாங்கல் பதித்த தரை மாதிரி ஆகிறது என்பார்கள் மருத்துவர்கள். அளவுக்கு மீறி உள்ளே இறங்கினால் முடியைச் சுற்றிக் குழி விழும்; சில சமயம் மேலே தோல் மூடி, உள்ளுக்குள்ளேயே கட்டியாகும். இரண்டுக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. காலையில் தொடங்கி மாலை வரை ஆயிரக்கணக்கில் நடும் கை, கடைசி மணி நேரத்திலும் அதே நிதானத்தோடு இருக்குமா என்பது விலைப்பட்டியலில் இருக்காது.

தலையில் மேடு பள்ளம் இருந்தாலும் முடி மறைத்துவிடும். தாடி நடும் விஷயம் வேறு. கன்னத்துத் தோல் மெல்லியது. பேசும்போதும் சிரிக்கும்போதும் அசைவது. அங்கே முடி தோலோடு ஏறக்குறைய படுத்த வாக்கில் வெளிவரும். கொஞ்சம் நிமிர்த்தி நட்டால் குத்திட்டு நிற்கும். தாடி பெரும்பாலும் ஒற்றை முடியாக முளைப்பது. தலையிலிருந்து எடுத்த இரட்டை முடிக் கிராஃப்டை அப்படியே நட்டால் தூரிகைபோலத் தெரியும். இவற்றையாவது தாடியின் அடர்த்தி ஓரளவு மூடும். மழித்த மறுநிமிடம் புள்ளி புள்ளியாக மேடு தெரியும். தாடி வேண்டும் என்று போனவர், பிறகு தாடியை எடுக்கவே முடியாத நிலைக்கு வந்து சேர்வதுதான் இதில் கொடுமை.

நம்முடையது போன்ற மாநிறத் தோலுக்கும் கறுத்த தோலுக்கும் இன்னும் இரண்டு தொல்லை உண்டு. நட்ட இடம் கறுத்து மாதக்கணக்கில் நிற்கலாம். முடி எடுத்த பின்மண்டையில் வெள்ளைப் புள்ளிகள் விழலாம், ஒட்ட வெட்டினால் அவை பளிச்சென்று தெரியும். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ கேலாய்டு என்னும் தடித்த தழும்பு வளர்ந்தவர் தாடி நடும் யோசனையையே மறுபடி யோசிக்க வேண்டும்.

முதல் சில மாதங்களில் வரும் கொப்புளமெல்லாம் நிரந்தரமல்ல. புதுமுடி தோலைக் கிழித்து வரும்போது மயிர்க்கால் அழற்சி வருவது சகஜம். கிள்ளாமல் மருத்துவரிடம் காட்டினால் அடங்கிவிடும். ஓராண்டு கழித்தும் மேடு இருந்தால் லேசரால் சமப்படுத்தலாம், அல்லது தவறி நட்டதைத் துளைத்தெடுத்து வேறிடத்தில் நடலாம். எடுக்கும்போது சில முடி வீணாகும். பின்மண்டையின் கையிருப்போ அளவானது.

பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது முடி நடவுக்குப் போதாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் சொல்லிவிட்டது. எனவே யார் துளையிடுவார், யார் நடுவார் என்று பெயரோடு கேளுங்கள். பழைய நோயாளிகளின் படத்தைக் காட்டினால், தாடி செழித்த படத்தோடு விட்டுவிடாதீர்கள். ஓராண்டு ஆனபின் மழமழவென்று மழித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம் இருக்கிறதா என்று கேளுங்கள்.