மஞ்சள் கோட்டுக்கு இப்பால்

ஈப்போவுக்கு வடக்கே, சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய என் மாமா, தோட்டம் விற்கப்பட்டபின் ஒரு விமான நிலையத்தில் புல்வெட்டும் டிராக்டர் ஓட்டினார். பயிற்சி அரை நாள். பிறகு ஒரு கையொப்பம். "கோட்டைக்கூட நேரில் காட்டலப்பா" என்பார்.

ஓடுபாதைக்கு முன் தரையில் நான்கு மஞ்சள் கோடுகள் உண்டு. இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டு வரைந்தவை. முழுக்கோட்டுப் பக்கமிருந்து வருபவர், கட்டுப்பாட்டுக் கோபுரம் அனுமதிக்கும்வரை நிற்கவேண்டும். 2022 நவம்பர் 18-இல், பெரு நாட்டின் லீமாவில், ஒத்திகைக்குக் கிளம்பிய தீயணைப்பு வண்டி ஓடுபாதையில் நுழைந்தது. புறப்பட ஓடிவந்த விமானம் மோதித் தீயணைப்பு வீரர்கள் மாண்டனர்.

வாக்கி டாக்கியில் 'சரி' என்றால் போதாது. கேட்ட உத்தரவை அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். தோட்டப் பள்ளியோடு படிப்பு நின்றவருக்கு அந்த ஆங்கிலத் தொடர்களைத் தாளில் கொடுத்துப் பயனில்லை. இரவிலும் மழையிலும் வண்டியில் உட்காரவைத்தே பழக்கவேண்டும். மாமா அவற்றைத் தமிழெழுத்தில் எழுதி, ஸ்டியரிங் அருகே ஒட்டிவைத்திருந்தார்.